முன்பின் அறியாத நால்வரோடு: வாலரன்டைத் தனியாக ஆடும் முறை

ஐவர் ஐவராக மோதும் வாலரன்ட் என்ற துப்பாக்கிச்சூட்டு வீடியோ கேமில் துணையின்றி நுழைபவர், பெயர்கூட அறியாத நால்வரை நம்பி 13 சுற்றுகளை வென்றாக வேண்டும். இதைப் பற்றி எனக்கு இன்றும் இருவேறு எண்ணங்கள் உண்டு. யாருக்காகவும் காத்திராமல் விரும்பிய நேரத்தில் ஆடலாம் என்பதும், மற்றவர் அனைவரும் வீழ்ந்தபின் ஒருவராக நின்று சுற்றை மீட்கும் நிறைவும் இதன் பெரும் ஈர்ப்புகள். பேச மறுக்கும் அணியும், பாதியில் விலகிச் செல்பவர்களும் அந்த நிறைவைப் பலமுறை பறித்துவிடுவார்கள்.

முதலில் டெத்மேட்ச் என்ற ஆட்ட வகையை ஆடிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். அதில் அணி என்பதே கிடையாது. 40 பேரை முதலில் வீழ்த்துபவர் வெல்வார். அதன்பின் தரவரிசைக்காக ஆடும் ரேங்க் ஆட்டத்துக்குச் செல்லலாம். அங்கே நால்வர் குழுவாகச் சேர்ந்து வர அனுமதி இல்லை என்பதால், நான்கு நண்பர்களுக்கிடையே ஐந்தாவது ஆளாகத் தனித்து மாட்டிக்கொள்ளும் நிலை உங்களுக்கு ஏற்படாது.

நீங்கள் ஆடும் பாத்திரமான ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது, பிறர் உதவி இல்லாமலும் பயன்படக்கூடியவரை எடுப்பது நல்லது. அறிமுகமற்றோர் கூடும் அணியில் எதிரியின் பார்வையை மறைக்கும் புகையான ஸ்மோக்கைப் போடும் பொறுப்பை ஏற்க ஆள் இல்லாமல் போவது வழக்கம் என்பதால், நான் ஓமன் என்ற ஏஜென்டையே பரிந்துரைப்பேன். அவருடைய ஸ்மோக் சுற்றுக்குள்ளேயே மீண்டும் நிரம்பும், இக்கட்டில் இடம்பெயர்ந்து தப்பவும் அவரால் முடியும்.

தனியாக ஆடுபவரின் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது, குறி தவறாமல் சுடுவதைவிட, தகவலைப் பகிரும் விதமே என்று உறுதியாக நம்புகிறேன். எதிரி எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடிபட்டிருக்கிறார் என்ற மூன்றை மட்டும் மைக்கில் சொல்லிவிட்டு அமைதியாகுங்கள்; உயிரோடு எஞ்சியிருப்பவர் காலடி ஓசையைக் கேட்டாக வேண்டும். மைக் இல்லையென்றால், இடத்தைக் குறித்துக் காட்டும் பிங் போதும். இறந்தவருக்குப் பாடம் நடத்த வேண்டாம். வசைபாடுபவரை ஸ்கோர்போர்டைத் திறந்து உடனே மியூட் செய்யுங்கள், பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

அணி ஒரு திட்டத்துக்கு உடன்படாதபோது, முன்னே பாயும் ஒருவரைச் சற்று இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்து, அவர் வீழ்ந்தால் வீழ்த்தியவரை உடனே சுடுவது மிகவும் பயன் தரும். அதற்கு அவருடைய சம்மதம்கூடத் தேவையில்லை. வாண்டல் துப்பாக்கியும் கனமான கவசமும் வாங்க, ஆட்டத்துக்குள் செலவழிக்கும் பணமான கிரெடிட் 3,900 வேண்டும் என்பதால், மற்ற நால்வரும் சேமிக்கும் சுற்றில் நீங்கள் மட்டும் செலவழிக்காதீர்கள்.

கடைசி ஆளாக நிற்க நேர்ந்தால் நேரக் கணக்கு மனத்தில் இருக்கட்டும். தாக்கும் அணியின் குண்டான ஸ்பைக், வைக்கப்பட்ட 45 நொடிகளில் வெடிக்கும். அதைச் செயலிழக்கச் செய்ய 7 நொடிகள் ஆகும். பாதி வேலை முடிந்திருந்தால் அந்த அளவு அப்படியே பதிவாகி நிற்கும் என்பதால், இடையில் கையை எடுத்துவிட்டு எதிரியைச் சந்தித்து, மீதிக்குத் திரும்பி வரலாம்.