இரண்டு நிமிட டிரெய்லரில் தாளம் தெரியாது: கேம் அறிமுக விழாக்களிலும் ரிதம் கேம்களிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் நிறுவனங்களின் அறிமுக விழாக்கள் கண்ணுக்காகவே தயாராகின்றன. மலைமுகட்டில் நிற்கும் வீரன், பின்னால் எரியும் நகரம், கடைசியில் இருட்டிலிருந்து எழும் ஒரு பெயர், அரங்கம் அதிரும் கைதட்டல். அந்த மேடையில், இசையின் தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தி ஆடும் ரிதம் கேமுக்குக் காட்ட ஒன்றும் கிடையாது. சரியான கணத்தில் பொத்தானை அழுத்தும்போது விரலில் உண்டாகும் நிறைவை, வேறொருவர் ஆடும் வீடியோ எப்படிக் காட்டும்? அதனால்தான் இந்த விழாக்களைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள் ரிதம் கேம்களின் விஷயத்தில் அப்பட்டமாகத் தெரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், கேம் கைக்கு வந்த பிறகும் அதே தவறு தொடர்கிறது. காது இருக்கும்போது கண்ணை நம்புகிறோம்.

2016 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இ3 என்ற கேம் துறைக் கண்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோவின் அரங்கம் முழுக்க ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’. அதே வாரத்தில் 3டிஎஸ் கையடக்கக் கன்சோலுக்கான ‘ரிதம் ஹெவன் மெகாமிக்ஸ்’ வட அமெரிக்காவில் முன்னறிவிப்பே இல்லாமல் இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. வருடக்கணக்கான காத்திருப்பு இல்லை, டிரெய்லர் திருவிழா இல்லை; அன்றே வாங்கி அன்றே ஆடலாம். என் பார்வையில் அந்த வாரத்தின் நேர்மையான அறிவிப்பு அதுதான். சத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அறிவிப்பையே கேம் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ‘மெட்ராய்ட் பிரைம் 4’ 2017 இ3 விழாவில் வெறும் ஒரு சின்னமாகக் காட்டப்பட்டது. 2019 ஜனவரியில் வேலையை முதலிலிருந்து தொடங்குவதாக நின்டெண்டோவே அறிவித்தது. கேம் வந்தது 2025 டிசம்பரில். ‘தி லாஸ்ட் கார்டியன்’ 2009 இ3 விழாவில் அறிமுகமாகி 2016 டிசம்பரில் வெளியானது. இவை வந்தாவது சேர்ந்தன. 2014-இல் மைக்ரோசாஃப்ட் மேடையில் டிராகனோடு பறந்த ‘ஸ்கேல்பவுண்ட்’ 2017 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஒரு பெயரும் சின்னமும் திரையில் தெரிந்தால், இப்படி ஒன்றைச் செய்ய நிறுவனம் விரும்புகிறது என்பதற்கு மேல் பொருள் கொள்ள வேண்டாம். அதை நம்பி கன்சோல் வாங்குவது பெரிய இழப்பு. கன்சோலின் ஆயுளே முடிந்துவிடலாம்.

டிரெய்லரில் பார்த்ததுதான் கையில் கிடைக்கும் என்று நினைப்பதும் இதே வகைதான். 2005 இ3 விழாவில் சோனி காட்டிய ‘கில்சோன்’ காட்சி பிளேஸ்டேஷன் 3 கன்சோலில் ஓடுவதைப் போலத் தோன்றியது. முன்கூட்டியே உருவாக்கிய காணொளி என்பது பிறகு தெரியவந்தது. ‘கில்சோன் 2’ 2009-இல் வந்தபோது நல்ல கேமாகவே இருந்தது என்பது வேறு கதை. 2012-இல் மழையும் நியான் வெளிச்சமுமாக மயக்கிய ‘வாட்ச் டாக்ஸ்’ 2014-இல் வெளியானபோது, காட்டியதற்கும் தந்ததற்கும் இடையிலான தொலைவு பெரிய சர்ச்சையானது. ஆகவே டிரெய்லரைப் பார்க்கும்போது இசையையும் வெடிப்பையும் விட்டுவிட்டு ஓரங்களைக் கவனியுங்கள். உயிர்ப்பட்டை, வரைபடம், பொத்தான் குறிகள் தெரிகின்றனவா? ஒரே காட்சி வெட்டில்லாமல் அரை நிமிடமாவது ஓடுகிறதா? கீழே பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா? அந்தப் பொடி எழுத்தில்தான் வழக்கமாக உண்மை இருக்கும்.

‘இந்த வருடம் வென்றது யார்’ என்ற பட்டிமன்றத்தில் நேரத்தைத் தொலைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழாக்களில் உண்மையிலேயே செய்தியாக இருந்தவை பெரும்பாலும் விலையும் நிபந்தனைகளும்தான். 1995-இல் முதல் இ3 விழாவில் சேகா தன் சாட்டர்ன் கன்சோலின் விலை 399 டாலர் என்றது. பின்னர் மேடையேறிய சோனி பிரதிநிதி, தங்கள் பிளேஸ்டேஷனின் விலையாக ‘299’ என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். 2013-இல் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு 399 டாலர், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு 499. பழைய டிஸ்க்குகளை மறுவிற்பனை செய்வதற்கு விதித்திருந்த கட்டுப்பாடுகளை மைக்ரோசாஃப்ட் விழா நடந்த அந்த மாதமே திரும்பப் பெற்றது. இவற்றையெல்லாம் ஒரு பத்தியில் படித்துவிடலாம். இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை.

இ3 2019-க்குப் பிறகு மக்கள் கூடும் கண்காட்சியாக நடக்கவே இல்லை. 2023 டிசம்பரில் நிரந்தரமாக முடிக்கப்பட்டது. அதற்காக உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2011 முதல் நடக்கும் நின்டெண்டோ டைரக்ட் போன்ற, இணையத்தில் வெளியாகும் பதிவு நிகழ்ச்சிகளில் பொய்க் கைதட்டலாவது இல்லை. ஆனால் அவையும் விளம்பரம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவற்றிலும் சிறியவை நழுவிவிடுகின்றன. 2025 மார்ச் 27 அன்று வந்த டைரக்டில் ரிதம் ஹெவன் வரிசையின் புதிய கேமும், சோனியின் பழைய பிஎஸ்பி கையடக்கக் கன்சோலின் ரத்தினமான, தாளம் அடித்துப் படையை நடத்தும் ‘பட்டாபோன்’ கேமின் மறுவெளியீடும் அறிவிக்கப்பட்டன. சோனியின் கேம் நின்டெண்டோ நிகழ்ச்சியில்! ஆனால் நின்டெண்டோவின் புதிய ஸ்விட்ச் 2 கன்சோலுக்கான சிறப்பு டைரக்ட் ஏப்ரல் 2 அன்று என்று முன்பே தெரிந்திருந்ததால், பலருடைய கவனம் ஏற்கெனவே அடுத்த வாரத்துக்குப் போயிருந்தது.

சரி, வாங்கியாயிற்று. இப்போது கையில் நடக்கும் தவறுகள்.

முதல் எதிரி புளூடூத் ஹெட்போன். ஸ்விட்ச் கன்சோலில் 2021 செப்டம்பர் முதல் அதை இணைக்க முடிகிறது. படம் பார்ப்பதற்கு வசதிதான். ஆனால் சாதாரண புளூடூத் ஒலி, வினாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை தாமதமாகக் காதுக்கு வரலாம். வினாடிக்கு 60 படங்கள் ஓடும் கேமில் ஒரு படத்தின் நேரம் ஏறத்தாழ 17 மில்லிவினாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் கேட்கும் அடி, கேமுக்குள் எப்போதோ முடிந்துபோன அடி. ‘எனக்குத் தாள உணர்வே இல்லை’ என்று ஒதுங்கிப்போகிறவர்களில் பலருக்குக் குறை காதில் இல்லை, கம்பியில்லாத ஹெட்போனில் இருக்கிறது. கம்பியுள்ளதை மாட்டுங்கள், அல்லது கன்சோலின் ஒலிபெருக்கியே போதும். தொலைக்காட்சியில் இணைத்தால் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ அமைப்பை இயக்குங்கள். 2017-இல் பிளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கு வந்த பட்டாபோன் மறுபதிப்பில் பலர் பொத்தான் தாமதத்தைப் பற்றிப் புகார் சொன்னார்கள். கையடக்கத் திரைக்கென்று செய்த துல்லியம் பெரிய திரைக்கு இடம்பெயரும்போது வரும் வினை அது. 2025 பதிப்பில் நேரத்தைச் சரிசெய்யும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வேலையாக அதைத் திறந்து பாருங்கள்.

பட்டாபோனில் இன்னொரு தவறு, அவசரம். சதுரப் பொத்தான் ‘பட்டா’, வட்டம் ‘பொன்’. பட்டா-பட்டா-பட்டா-பொன் என்று அடித்தால் படை முன்னேறும். பொன்-பொன்-பட்டா-பொன் என்றால் தாக்கும். நீங்கள் அடித்து முடித்ததும் அந்தக் குட்டி வீரர்கள் அதே நான்கு அடி நேரம் பதில்பாட்டுப் பாடுவார்கள். எதிரி நெருங்கும்போது அந்தப் பாட்டு முடிவதற்குள் அடுத்த கட்டளையைத் தட்டிவிடுவதில்தான் புதியவர்கள் சிக்குகிறார்கள். தொடர்ந்து சரியாக அடித்த கட்டளைகளின் சங்கிலி அறுகிறது, படைக்கு வலு கூட்டும் ‘ஃபீவர்’ நிலை கலைகிறது, படை திகைத்து நிற்கிறது. அவர்கள் பாடும் நான்கு அடியும் உங்கள் முறைதான். அதில் உங்கள் வேலை சும்மா இருப்பது. வாயால் கூடவே பாடினால் அவசரம் தானாக அடங்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

கண்ணால் ஆடுவதுதான் எல்லாவற்றிலும் ஆழமான தவறு. பட்டாபோனில் திரையின் ஓரம் தாளத்துக்கு ஏற்ப மின்னும். அதைப் பார்த்து அடிப்பவர் எப்போதும் ஒரு நூலிழை பின்தங்குவார், ஏனென்றால் மின்னியதைப் பார்த்த பிறகுதான் விரல் கிளம்புகிறது. கச்சேரியில் தொடையில் தாளம் போடும் ரசிகர் மிருதங்கக்காரரின் கையைப் பார்த்துப் போடுவதில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்பது அவருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இதை வம்புக்கு இழுத்தே கற்பிக்கும் கேம், நின்டெண்டோ டிஎஸ் கன்சோலுக்கு 2008-இல் ஜப்பானிலும் அடுத்த வருடம் பிற நாடுகளிலும் வந்த ரிதம் ஹெவன். ஜப்பானிய இசைத் தயாரிப்பாளர் சுன்குவின் பங்களிப்பில் உருவான வரிசை இது. அதில் ‘லாக்ஸ்டெப்’ என்றொரு பகுதி: வரிசையாக நடைபோடும் உருவங்கள், அடியில் கால் வைத்துக்கொண்டிருந்தவை திடீரென்று அடிக்கும் அடிக்கும் நடுவே கால் வைக்கத் தொடங்கும். கேமரா மெல்ல விலகி, உங்கள் உருவமே கூட்டத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மாற்றத்தை முன்கூட்டியே சொல்லும் குரல் குறிப்பு மட்டுமே துணை. அங்கே தோற்றுக்கொண்டே இருந்தால் திரையைப் பார்க்காமல், கால் விரலால் தரையைத் தட்டியபடி ஒருமுறை ஆடிப் பாருங்கள். ஒலியை அணைத்துவிட்டு ஆட நினைப்பவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வேறு கேம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே கேமில் ஸ்டைலஸ் என்ற தொடுபேனாவால் திரையைச் சுண்டிவிடும் அசைவில் பலர் திணறுவார்கள். அழுத்தினால் வேலை நடக்கும் என்று திரையைக் கீறுவது வீண். மெல்லத் தொட்டு, அடி விழும் கணத்தில் குறுக்கே சட்டென்று எடுத்துவிட வேண்டும். மீண்டும் மீண்டும் தோற்றால் அதில் வரும் காஃபிக் கடைக்காரர் ‘வேண்டுமானால் அடுத்ததற்குப் போகலாம்’ என்பார். ரோஷத்தில் மறுக்காதீர்கள். பிற்பாடு திரும்பி வரலாம். வேறு பகுதிகளை ஆடிவிட்டு வந்தால் காது தெளிந்திருக்கும்.

கடைசியாக, வாங்கும் நேரம். முன்பதிவு செய்யாதீர்கள் என்று சொல்லும் நானே, காலவரையில்லாமல் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொல்கிறேன். 3டிஎஸ் இணையக் கடை 2023 மார்ச் 27 அன்று மூடப்பட்டது. மெகாமிக்ஸை அங்கே இனி வாங்க முடியாது. பழைய பிரதியைத் தேடினாலும் 3டிஎஸ் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு உண்டு. ஐரோப்பியப் பிரதி அமெரிக்கக் கன்சோலில் ஓடாது. சாதாரண டிஎஸ் கேம்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 2005-இல் ஜப்பானில் மட்டும் வந்த ‘ஓசு! தத்தகாயே! ஓயெண்டான்’ என்ற ரிதம் கேம் வெளிநாட்டு ரசிகர்களின் கைகளுக்குப் போனதும், அந்த வரவேற்பால் 2006-இல் ‘எலைட் பீட் ஏஜென்ட்ஸ்’ பிறந்ததும் அப்படித்தான். ஒரே கேமுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதையும் கவனியுங்கள்: அமெரிக்காவில் ரிதம் ஹெவன், ஐரோப்பாவில் ரிதம் பாரடைஸ். தெரியாமல் ஒன்றையே இரண்டுமுறை வாங்கிவிடலாம். பழைய டிஎஸ் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் தொடுதிரையின் நான்கு மூலைகளையும், கம்பி ஹெட்போன் மாட்டும் துளையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.