டேப்லெட்டா, கிண்டிலா? முதலில் கோப்பைப் பாருங்கள்

மின்னூல் படிக்கக் கருவி வாங்குமுன், நீங்கள் படிக்கப்போவது எந்த வகைக் கோப்பு என்று பாருங்கள். பழைய தமிழ் நூல்கள் பல ஸ்கேன் செய்த பிடிஎஃப்களாகவே கிடைக்கின்றன. அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலின் 6 அங்குலத் திரையில் அந்த எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிடும். பெரிதாக்கினால் வரிக்கு வரி நகர்த்த வேண்டும், படிக்கிற ஆசையே போய்விடும். அதற்கு 10 அங்குல டேப்லெட்தான் சரி.

நாவல், கட்டுரை என்று இபப் (EPUB, திரைக்கேற்ப எழுத்து தானே அமையும் மின்னூல் வடிவம்) கோப்பாகப் படிப்பவர்களுக்கு நான் தயங்காமல் கிண்டிலைச் சொல்வேன். வெயிலிலும் தெளிவாகத் தெரியும், ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும், நடுவில் வாட்ஸ்அப் கூப்பிடாது. ஒன்று கவனம்: இபப் கோப்பைக் கேபிள் வழியாகப் போட்டால் திறக்காது, 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை மூலம் அனுப்புங்கள். தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃப்களும் உண்டு.