சிறு குழந்தையுடன் கிறிஸ்துமஸ் பயணம்: திட்டமிடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்துகொடுப்பது என் தொழில் என்பதால், அக்டோபர் பிறந்ததும் ஒரே மாதிரியான கோரிக்கைகள் என்னிடம் வரத் தொடங்கிவிடும். வீட்டில் ஒன்றரை வயதிலோ இரண்டரை வயதிலோ ஒரு குழந்தை இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தாத்தா பாட்டி, சித்தி சித்தப்பா என எல்லோரும் வெளியூரில் ஓரிடத்தில் கூட வேண்டும் என்பார்கள். திட்டமெல்லாம் முடிவாகிவிட்டது, டிக்கெட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றும் சொல்வார்கள். அந்தத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நானே போட்டுக் கொடுத்த பிசகான திட்டங்கள்தான் கண்முன் வந்து நிற்கும். டயப்பரைக் கூடுதலாக எடுத்துவையுங்கள், மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும் என்பதையெல்லாம் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டி கட்டுவதற்கு வெகு முன்பே, நாள் குறிக்கும்போதும் அறை எடுக்கும்போதும் நேர்ந்துவிடுகிற தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

24ஆம் தேதி மாலையில் போய் இறங்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், இரவோடு இரவாக 24ஆம் தேதி டிக்கெட்டைத் தாங்களே எடுத்துவிட்டு, மறுநாள் என்னிடம் செய்தி சொல்வார்கள். அவர்கள் கணக்கு புரியாமல் இல்லை. 23 வரை அலுவலகம் இருக்கும். 24 காலையில் கிளம்பினால் மாலையில் போய்ச் சேரலாம். இரவு விருந்தில் குடும்பம் முழுவதும் கூடியிருக்கும். மறுநாள் விடிந்தால் கிறிஸ்துமஸ். பெரியவர்கள் மட்டும் போகிற பயணமாக இருந்தால் இந்தக் கணக்கில் பெரிய குறையும் இல்லை.

குழந்தை உடன் வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. சிறு குழந்தை பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு சரியாகத் தூங்காது. புதிய அறையின் இருட்டும் ஓசையும் வாசனையும் பழகுவதற்குக் குறைந்தது ஓர் இரவு, பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று இரவுகள் ஆகும். 24 இரவு போய்ச் சேர்ந்தால் அந்தப் பழகாத முதல் இரவு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவாகவே அமைந்துவிடும். தூக்கம் கெட்ட குழந்தையும் தூங்காத பெற்றோரும் 25ஆம் தேதியை எப்படிக் கழிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, அந்த நாளின் தன்மை. பல நாடுகளில் 25ஆம் தேதி அன்றாட வாழ்க்கையே நின்றுபோகிற நாள். பிரிட்டனில் அன்று ரயில்கள் ஓடுவதில்லை. ஜெர்மனியில் 24 பிற்பகலிலேயே கடைகள் மூடப்பட்டு, 25, 26 இரண்டு நாள்களும் பொது விடுமுறையாக இருக்கும். வேறு எந்த நாளிலும் மறந்துபோன பால் மாவோ காய்ச்சல் மருந்தோ அரை மணி நேரத்து அலைச்சல்தான். இந்த இரண்டு மூன்று நாள்களில் மட்டும் அதே மறதி பெரும் சிக்கலாகிவிடும்.

ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இருபது மாதப் பெண் குழந்தை. மாலை ஐந்து மணிக்கு ஊரில் இருப்பதாகத் திட்டம். முதல் விமானம் தாமதமாகி, மாறி ஏற வேண்டிய விமானம் போய்விட்டதால், வாடகைக்கு எடுத்திருந்த வீட்டை அடைந்தபோது இரவு பதினொன்று ஆகியிருந்தது. சாவியைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்காரர் தன் குடும்பத்தோடு பண்டிகை கொண்டாடப் போய்விட்டார். தருவதாகச் சொன்ன தொட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தொலைபேசியில் அழைத்தால் எடுக்க ஆளில்லை. கையிலிருந்த பால் முழுவதும் விமான நிலையக் காத்திருப்பிலேயே தீர்ந்துபோயிருந்தது. 25 காலையில் அந்தத் தாய் என்னை அழைத்து, “சார், இங்கே பால் எங்கே கிடைக்கும்?” என்றார். வரைபடத்தில் சுற்றுவட்டாரக் கடைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாவற்றின் அடியிலும் ‘மூடப்பட்டுள்ளது’ என்ற சிவப்பெழுத்துத்தான். கடைசியில் கணவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு புட்டி பால் வாங்கி வந்தார்.

அதோடு முடியவில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு அசந்து தூங்கிய குழந்தை விருந்து முழுவதும் தூங்கியது. பெரியவர்கள் படுக்கப் போன பத்து மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை விளையாடியது. 27ஆம் தேதி இரவுதான் முதல்முறையாக ஒழுங்காகத் தூங்கியது. 28 காலையில் திரும்பும் விமானம். ஆண்டிலேயே மிகுந்த கட்டணம் கொடுத்துப் போன விடுமுறை, குழந்தை அந்த வீட்டுக்குப் பழகிய மறுநாளே முடிந்துபோனது.

ஆகவே, 25ஆம் தேதி அங்கே இருந்தே ஆக வேண்டும் என்றால் 22ஆம் தேதிக்குள் போய்ச் சேருங்கள். 23 நண்பகல் என்பது கடைசி எல்லை. விமானம் தாமதமானாலும் ஒரு நாள் கையிருப்பில் இருக்கும்; தொட்டில் வரவில்லை என்றால் கேட்டு வாங்குவதற்கு ஆள் இருப்பார்கள்; கடையும் மருந்தகமும் திறந்திருக்கும்போதே மூன்று நாளுக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடலாம். 24ஆம் தேதியை வேறெதற்கும் ஒதுக்காமல், குழந்தை அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துப் பழகுவதற்கே விட்டுவிடுங்கள்.

விடுப்பு கிடைக்கவில்லை என்றால், பண்டிகையை வீட்டிலேயே கொண்டாடிவிட்டு 26க்குப் பிறகு கிளம்புங்கள். இதைச் சொன்னால், “கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லோரும் ஒன்றாக இல்லாவிட்டால் அப்புறம் என்ன கிறிஸ்துமஸ்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அன்றைய ஆராதனையும் அன்றைய கூடலும் முக்கியம் என்பவர்கள் முன்கூட்டியே போக வேண்டியவர்கள். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேதி தெரியாது. மரத்தடியில் பரிசுப் பொட்டலம் இருக்கிற நாள்தான் அதற்குக் கிறிஸ்துமஸ். அந்த நாள் 28ஆக இருந்தாலும் அது குறை சொல்லப்போவதில்லை. முன்னால் போகலாம், பின்னால் போகலாம். இரண்டுக்கும் நடுவே 24 மாலையில் போய் இறங்குவதில் மட்டும் எந்த லாபமும் இல்லை.

நேர மண்டலம் மாறுகிற பயணமென்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு உடல் பழக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. ஐந்து மணி நேர வேறுபாடுள்ள ஊருக்கு நான்கு நாள் விடுமுறையில் குழந்தையைக் கூட்டிப்போனால், பழகி முடிவதற்குள் திரும்பிவிடுவீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து மறுபடியும் பழக வேண்டும்.

எல்லோரும் ஒரே அறையில்

குழந்தை இரவு ஏழரைக்குத் தூங்கிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எங்கே உட்காருவீர்கள்? அறை எடுக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கிசுகிசுப்பாகக்கூடப் பேச முடியாமல், குளியலறைத் தரையில் உட்கார்ந்து இரவு உணவைச் சாப்பிட்டு முடித்த தம்பதிகளை நான் அறிவேன். நட்சத்திர விடுதியில் ஒற்றை அறையைவிட, நடுவே மூடக்கூடிய கதவும் ஒரு சிறு குளிர்பதனப் பெட்டியும் உள்ள எளிய இரண்டறை வீடு எவ்வளவோ மேல். பெரிய குடும்பமாக ஒரே வீட்டை எடுக்கிறீர்கள் என்றால், கூடத்தை ஒட்டிய அறையைக் குழந்தைக்கு ஒதுக்க வேண்டாம். மற்றவர்கள் அறை பிரித்துக்கொள்ளும் முன்பே கடைக்கோடி அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டில் உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதன் அளவையும் கேளுங்கள். ஏறக்குறைய 89 செ.மீ. உயரத்தைத் தொட்ட குழந்தை தொட்டிலின் விளிம்பைத் தாண்டி ஏறி விழக்கூடும் என்பதால், அந்த உயரம் வந்தவர்களுக்குத் தரையில் விரித்த மெத்தைதான் பாதுகாப்பு.

ஒரு நாளைக்கு இரண்டு நிகழ்ச்சி வைப்பது

ஒன்று முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று வயதிலும் அது 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இதில் குளியலையும் உணவையும் கழித்தால் ஊர் சுற்றுவதற்குக் காலையில் ஒரு முறைதான் வாய்ப்பு. அந்த ஒன்றை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். பிற்பகலை வெறுமையாக விட்டுவிடுங்கள். இரவு விருந்தில் குழந்தையை விழிக்க வைத்தால் காலையில் தாமதமாக எழும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை மட்டுமே. தூக்கம் தவறிய குழந்தை பெரும்பாலும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே எழுந்துவிடும். விருந்தை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டாரிடம் நவம்பரிலேயே கேட்டுவிடுவது நல்லது; பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இரண்டாவது பிறந்தநாளை மறப்பது

விமானத்தில் இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். பயணத்தின் நடுவே இரண்டு வயது நிறைந்துவிட்டால் திரும்பும்போது தனி இருக்கை வாங்கியே ஆக வேண்டும். டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் பலர் இதை விமான நிலையத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அந்த வாரத்தில் காலி இருக்கை கிடைப்பதே அரிது. அக்காள் குழந்தை, தங்கை குழந்தை என இரண்டு மடிக்குழந்தைகளோடு ஒரே வரிசையில் உட்காரலாம் என்றும் எண்ண வேண்டாம். பொதுவாக ஒரு வரிசைக்குக் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும் என்பதால் பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள்.

அலங்காரத்தைக் குழந்தையின் உயரத்திலிருந்து பார்க்காதது

பண்டிகைக் காலத்தில் வாடகைக்கு விடுகிற வீடுகளில் தீயில்லா மெழுகுவத்திகள், மினுக்கும் விளக்குச் சரங்களின் ரிமோட், திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை ஆகியவை எங்கும் கிடக்கும். இவற்றில் பலவற்றுக்குள் இருப்பது பட்டன் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன், ஒருவர் மண்டியிட்டு எல்லா அறைகளையும் சுற்றி வந்து, இவற்றையும் மரத்தின் கீழ்க்கிளைகளில் தொங்குகிற கண்ணாடிக் குண்டுகளையும் எடுத்து உயரத்தில் வைத்துவிடட்டும். கிண்ணத்தில் வைத்திருக்கிற முழுக் கொட்டைப் பருப்புகளையும் அப்படியே எடுத்துவிடுங்கள். அவை தொண்டையில் அடைக்கக்கூடியவை.

கனத்த கோட்டோடு கார் இருக்கையில் பூட்டுவது

குளிர்ப் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் செய்வது. கோட்டு மேலேயே பட்டையைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றும். பட்டையை அப்படியே விட்டுவிட்டு, கோட்டைக் கழற்றிக் குழந்தையை மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள். பட்டைக்கும் தோளுக்கும் நடுவே விரல்கள் தாராளமாக நுழைகிற இடைவெளி தெரியும். மோதலின்போது கோட்டின் பஞ்சு அமுங்கி, அவ்வளவு தளர்வில்தான் குழந்தை இருக்கும். மெல்லிய உடையோடு பூட்டி, கோட்டை மேலே போர்த்துங்கள்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மடியில் உட்கார வைத்தே தீருவது

அழுகிற குழந்தையை வற்புறுத்த வேண்டாம்.

பரிசுகளைத் தாளில் சுற்றி எடுத்துப் போவது

பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள்; போன இடத்தில் சுற்றிக்கொள்ளுங்கள்.

மருந்தைப் பெரிய பெட்டியில் போடுவது

கைப்பையில் வையுங்கள். குழந்தையின் இப்போதைய எடையைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் காய்ச்சல் மருந்தின் அளவை எடையைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள்.

திரும்புவதற்கு இரவு விமானத்தைத் தேர்ந்தெடுப்பது

குழந்தை தூங்கிக்கொண்டே வந்துவிடும் என்று நினைத்து எடுக்கிறார்கள். ஒன்பது மணி விமானத்துக்கு ஏழு மணி முதல் வெளிச்சமும் அறிவிப்புகளும் நிறைந்த கூடத்தில் காத்திருக்க வேண்டும். தூங்க வேண்டிய நேரம் முழுவதும் வரிசையில் கழியும். தரையிறங்கும்போது காது அடைப்பதைத் தவிர்க்க எதையாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தையை எழுப்ப வேண்டிவரும். காலை பத்து மணியளவில் கிளம்பும் விமானமே நல்லது. குழந்தை காலை உணவு முடித்துத் தெம்பாக ஏறும், பகல் தூக்கமும் பறக்கும்போதே வந்துவிடும். அப்படியொரு விமானம் அந்த வழித்தடத்தில் இல்லையென்றால், ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.