பத்து மதிப்பெண்ணுக்கு அர்த்தம் சேர்ப்பது எப்படி?

தமிழ்நாட்டின் மேல்நிலை வகுப்புகளில் ஒரு பாடத்துக்குரிய 100 மதிப்பெண்களில் 10 அகமதிப்பீட்டுக்கு, அதாவது பள்ளியிலேயே ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு உரியவை. இந்தப் பத்தும் எல்லோருக்கும் வேறுபாடின்றி முழுமையாக வழங்கப்படுமானால், ஆண்டு முழுவதும் உழைத்த மாணவரின் உழைப்பு எங்குமே பதிவாகாது என்பதுதான் என் கவலை.

முதலில், விடையைப் பார்த்து எழுத இயலாத ஒரு செயல்திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இயற்பியல் ஆசிரியரானால், வீட்டு மின்மீட்டரின் அளவை ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவரச் சொல்லலாம். எந்தக் கருவி எவ்வளவு நேரம் இயங்கியது என்பதையும் எழுதி, வாட் அளவை மணிக்கணக்கால் பெருக்கி 1000ஆல் வகுத்து யூனிட்டாக்கினால், கணக்கிட்ட அளவும் மீட்டர் காட்டும் அளவும் ஏன் சிறிது வேறுபடுகின்றன என்பதை மாணவரே விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கத்தில்தான் புரிதல் வெளிப்படுகிறது.

மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படும் என்பதை வேலை தொடங்கும் முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அழகான அட்டைக்கும் வண்ணப் பேனாவுக்கும் மதிப்பெண் வேண்டாம். அது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகமாகும்.

குறிப்பேட்டைத் திருத்தியபின் ஒவ்வொருவரிடமும் அவரது குறிப்பிலிருந்தே இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிறர் எழுதித் தந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். சில குறிப்பேடுகளை மற்றொரு பிரிவின் ஆசிரியரிடம் தந்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல் அவரையும் திருத்தச் சொல்லுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், மதிப்பெண் பட்டியலைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைக்கும் முன் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.