நாளை உயிரியல் தேர்வு: கடைசி ஒரு நாளில் திருப்புதல் செய்யும் முறை

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் என்பது உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்னும் இரண்டு புத்தகங்கள். தேர்வுக்கு முந்தைய நாள் இவற்றை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர், மாலைக்குள் மூன்றாம் பாடத்தைத் தொடுவதே அரிது. அந்த நாளைப் புதிதாகப் படிப்பதற்கு ஒதுக்காமல், வகுப்பில் கேட்டவற்றையும் திருப்புதல் தேர்வுகளில் எழுதியவற்றையும் மீண்டும் எழுதிப் பார்ப்பதற்கே ஒதுக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துத்தான் கீழுள்ள படிகளைச் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் புத்தகத்தைத் திறக்காதவருக்கு இவை அதிகம் உதவா.

முதல் படி: கேள்வித்தாளைக் கையில் எடுங்கள்

முந்தைய ஆண்டின் கேள்வித்தாள் ஒன்றை மேசைமேல் வையுங்கள். மொத்த மதிப்பெண் 70. இரு பகுதிகளுக்கும் தலா 35. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 8 இருக்கும். இரண்டு மதிப்பெண் வினாக்கள் 6-இல் 4-க்கும், மூன்று மதிப்பெண் வினாக்கள் 5-இல் கட்டாய வினாவையும் சேர்த்து 3-க்கும் விடையளிக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் இரண்டும் 'அல்லது' என்ற தெரிவோடு வரும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. சிறு வினாக்களில் தெரியாததை விட்டுவிட வழியிருக்கிறது. ஐந்து மதிப்பெண்ணில் 'அல்லது' என்ற ஒரே ஒரு மாற்றுதான் இருக்கிறது. ஆகவே, எந்தப் பாடத்திலிருந்து முழுப் பக்க விடை கேட்க முடியுமோ அந்தப் பாடங்களுக்கே நாளின் பெரும்பகுதியைக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் அன்றிரவு சுற்றத் தொடங்கும் 'உறுதியாக வரும் வினாக்கள்' பட்டியலைத் திறக்காமல் இருப்பதே நல்லது. அதில் தெரியாத ஒரு வினா கண்ணில் பட்டுவிட்டால், தெரிந்த பத்து வினாக்களின் மீதிருந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிடும்.

இரண்டாம் படி: பாடங்களைத் தரம் பிரியுங்கள்

புத்தகத்தைத் திறக்காமல், ஒரு வெள்ளைத்தாளில் பாடத் தலைப்புகளை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் நினைவுக்கு வரும் நான்கைந்து சொற்களைக் குறியுங்கள். பேனா தயங்காமல் ஓடும் பாடங்கள், பாதியில் நிற்கும் பாடங்கள், ஒன்றுமே தோன்றாத பாடங்கள் என அவை தாமாகவே பிரிந்துவிடும். முதலில் கவனிக்க வேண்டியவை பாதியில் நிற்பவைதாம், ஏனெனில் ஒரு மணி நேர உழைப்புக்கு அதிக மதிப்பெண் அங்கேதான் கிடைக்கும். ஒன்றுமே தோன்றாத பாடத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களையும் வரையறைகளையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டு புத்தகங்களிலும் உள்ள பாடங்களை இணைத்துப் பார்த்தால் நேரம் மிச்சமாகும். மரபியல் இரண்டிலும் உண்டு. உயிரித்தொழில்நுட்பவியல் இரண்டிலும் உண்டு. சுற்றுச்சூழல் சிக்கல்களும் அவ்வாறே. காலையில் தாவரவியல், மாலையில் விலங்கியல் என்று பிரிக்காமல், தாவரவியலின் பாரம்பரிய மரபியலை முடித்த கையோடு விலங்கியலின் மரபுக் கடத்தல் பாடத்தை எடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

மூன்றாம் படி: மூடிவைத்து வரையுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தேவை. உயிரியலில் படம் என்பது விடைக்குச் செய்யும் அலங்காரம் அன்று. பல வினாக்களில் விடையே அதுதான். சூலின் அமைப்பு, மகரந்தப்பையின் குறுக்குவெட்டு, விந்துசெல், மனித அண்டகத்தின் வெட்டுத்தோற்றம், டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் ஆகியவற்றைப் புத்தகத்தைப் பார்த்து வரைவதால் பயன் குறைவு. ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து வரைய வேண்டும். பிறகு திறந்து, விடுபட்ட பாகங்களைச் சிவப்பு மையால் குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பூக்கும் தாவரத்தின் கருப்பையை (சூலுக்குள் அண்டசெல் உருவாகும் பையை) எடுத்துக்கொள்வோம். நீள்வட்டம் ஒன்றை வரைந்து, கீழ் முனைக்குச் சூல்துளை என்றும் மேல் முனைக்குச் சலாசா என்றும் பெயரிடுங்கள். செயல்படும் பெருவித்தின் உட்கரு மூன்று முறை பகுப்படைகிறது. எனவே 2, 4, 8 என்று உட்கருக்கள் பெருகுகின்றன. முனைக்கு நான்காக நிற்கும் அவற்றிலிருந்து ஒவ்வொன்று நடுவுக்கு நகர்ந்து துருவ உட்கருக்களாகின்றன. சூல்துளைப் பக்கம் எஞ்சிய மூன்றில் நடுவே அண்டசெல்லும் இருபுறமும் சினர்ஜிட்கள் என்னும் துணைச் செல்களும் அமைய, சலாசா பக்கம் எஞ்சிய மூன்றும் எதிரடிச் செல்களாகின்றன. ஆக, ஏழு செல்கள், எட்டு உட்கருக்கள். நடுச் செல்லில் மட்டும் இரண்டு உட்கருக்கள் இருப்பதால்தான் கணக்கில் ஒன்று கூடுகிறது. இதை வரிசை மாறாமல் சொல்லத் தெரிந்தவருக்கு இரட்டைக் கருவுறுதலைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை. ஓர் ஆண் கேமீட் அண்டத்துடன் சேர்ந்து கருமுட்டையாகிறது. மற்றொன்று துருவ உட்கருக்கள் இரண்டுடன் சேர்வதால் கருவூண் திசு மும்மயமாகிறது (மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டதாகிறது) என்று அதே படத்தின்மேல் இரண்டு அம்புக்குறிகளை இட்டால் போதும்.

பாகங்களின் பெயர்களை ஒரே பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப் பழகுங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் சரியான பெயரும் தவறான பாகத்தைச் சுட்டுவதுபோல் தோன்றும்.

நான்காம் படி: கலப்புகளையும் எண்களையும் எழுதிப் பாருங்கள்

மரபியல் கலப்புகளை வாசிப்பதால் வருவதில்லை. இருபண்புக் கலப்பின் 9:3:3:1 விகிதத்தைப் பதினாறு கட்டங்களில் ஒருமுறையேனும் நிரப்புங்கள். அந்திமந்தாரையின் முழுமையற்ற ஓங்குதன்மைக்குப் புறத்தோற்ற விகிதமும் மரபணுவாக்க விகிதமும் ஒன்றே, 1:2:1 என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விலங்கியலில் நிறக்குருடு: கடத்தியான (குறைபாட்டு மரபணு இருந்தும் குறைபாடு வெளிப்படாத) தாய்க்கும் இயல்பான தந்தைக்கும் பிறக்கும் மகள்கள் எவருக்கும் குறைபாடு வெளிப்படாது, அவர்களுள் பாதிப்பேர் கடத்திகளாக இருக்கலாம், மகன்களில் பாதிப்பேருக்கு நிறக்குருடு வர வாய்ப்புண்டு. தந்தையின் ஒய் குரோமோசோமே மகனுக்குச் செல்கிறது என்ற ஒரு வரியை எழுதிவிட்டால் மற்றவை பின்னால் வந்துவிடும்.

மூலக்கூறு மரபியலின் சோதனைகளுக்கு யார், எதைக் கொண்டு, எதை நிறுவினார் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள். 1928-இல் கிரிஃபித், நிமோனியா பாக்டீரியாவையும் எலிகளையும் கொண்டு மரபுமாற்றத்தைக் காட்டினார். 1952-இல் ஹெர்ஷியும் சேஸும், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான பாக்டீரியோஃபேஜில் கதிரியக்கப் பாஸ்பரஸையும் கந்தகத்தையும் கொண்டு மரபுப்பொருள் டி.என்.ஏ.தான் என நிறுவினர். 1958-இல் மெசல்சனும் ஸ்டாலும், நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டு பாதி பழையது பாதி புதியது என்னும் இரட்டிப்பாதல் முறையை நிறுவினர். எண்களிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். டி.என்.ஏ.வின் ஒரு முழுச் சுற்று 3.4 நேனோமீட்டர், அதில் 10 கார இணைகள் என்றால், அடுத்தடுத்த இணைகளுக்கிடையே 0.34 நேனோமீட்டர் என்பது வகுத்தலில் கிடைத்துவிடும். குறியன்கள் (மூன்று காரங்கள் கொண்ட மரபுக் குறியீடுகள்) 64, நிறுத்துக் குறியன்கள் 3, எனவே அமினோ அமிலங்களைக் குறிப்பவை 61.

ஐந்தாம் படி: அட்டவணைப் பாடங்கள், ஒரு மதிப்பெண்

நோய்கள், நோய்க்கிருமிகள், அவற்றைப் பரப்பும் கடத்திகள் ஆகியவற்றுக்கு ஒரே அட்டவணை போதும். யானைக்கால் நோய்க்கு உச்செரேரியா பான்கிராஃப்டி, கியூலெக்ஸ் கொசு. மலேரியாவுக்குப் பிளாஸ்மோடியம், பெண் அனோபிலிஸ் கொசு என்று இடப்பக்கத்தை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். பாடத்தின் பின்னுள்ள ஒரு மதிப்பெண் வினாக்களை மாலையில், களைப்பு தட்டும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெரிய கவனம் தேவைப்படாது.

ஆறாம் படி: இரவும் காலையும்

மறுபடி மறுபடி வாசிப்பதையும் நினைவுகூர்ந்து எழுதிப் பார்ப்பதையும் ரோடிகர், கார்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006-இல் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினர்; இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது, நினைவுகூர்ந்தவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. நமக்கு இதன் பயன் நேரடியானது. முந்தைய நாள் முழுவதும் மூடிவைத்து எழுதுங்கள்; பார்த்து வாசிப்பதைத் தேர்வு நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாசிக்க வேண்டியவையும் முழுப் பாடங்கள் அல்ல, சிவப்பு மையால் குறித்த விடுபட்ட பாகங்களும் அட்டவணைகளும் மட்டுமே. இரவு கண்விழிப்பதால் கிடைக்கும் கூடுதல் பாடத்தைவிட, தூக்கமின்மையால் பதினாறு கட்டங்களில் ஒன்றைத் தவறவிடுவதன் இழப்பு அதிகம். பேருந்தில் சென்று தேர்வெழுதுபவர் நுழைவுச்சீட்டையும் கூர்சீவிய இரண்டு பென்சில்களையும் இரவே பையில் வைத்துவிட வேண்டும். படங்களைப் பென்சிலால்தான் வரைய வேண்டும் என்று கேள்வித்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும்.

ஏழாம் படி: தேர்வறையில்

வாசிப்பதற்குத் தரப்படும் முதல் பத்து நிமிடங்களில் கட்டாய வினாக்களையும் ஐந்து மதிப்பெண் வினாக்களையும் முதலில் பாருங்கள். எந்த 'அல்லது' உங்களுடையது என்பதை எழுதத் தொடங்குமுன் முடிவுசெய்துவிடலாம். மூன்று மணி நேரத்தைப் பகுதிக்கு ஒன்றரை மணி நேரமாகக் கண்டிப்புடன் பிரித்துக்கொள்ளுங்கள். பிடித்த பகுதியை விரித்து எழுதிவிட்டு மற்றதற்கு ஐம்பது நிமிடங்களோடு மன்றாடுபவர்களே அதிகம். பகுதி தொண்ணூறு நிமிடத்தில் முடியவில்லையெனில், இரண்டு பக்க இடம் விட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டு, இறுதியில் திரும்பி வாருங்கள்.