முதல் மழை உங்கள் மாடியிலிருந்து எதைக் கொண்டுபோகிறது? வீட்டிலேயே சோதிக்கலாம்

மழைக்கு முதல் நாள் மாடித்தோட்டத்துக்கு டிஏபி (நைட்ரஜனும் பாஸ்பரசும் உள்ள ரசாயன உரம்) போடும் வழக்கம் எனக்கும் இருந்தது. நன்றாகக் கரைந்து இறங்கும் என்ற நினைப்பு. கரைந்தது உண்மைதான், பாதி குழாய் வழியாகத் தெருவுக்குப் போயிருக்கும். சென்னையில் தெரு வடிகால் அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் என்று எங்காவது சேரும். அங்கே நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் தீனி. அவை செத்து மக்கும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். (கூவத்துக்குப் பெரிய தொல்லை சாக்கடைதான், மறுக்கவில்லை. ஆனால் மாடி நம் கையில் இருக்கிறது.)

வேண்டியவை: அரை லிட்டர் பாட்டில் மூன்று, மீன் தொட்டிக்கான அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் சோதனை கிட். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பாட்டிலைச் சோப்பு போடாமல் கழுவுங்கள்; சில சோப்புத் தூள்களில் பாஸ்பேட் இருக்கும்.

படி 1: ஐப்பசி மழை தொடங்கியதும் மாடிக் குழாயில் வரும் முதல் தண்ணீரைப் பிடியுங்கள். இதுதான் முக்கியம், தூங்கிவிட்டால் போச்சு. அரைமணி கழித்து இரண்டாவது பாட்டில். மூன்றாவதில், ஒப்பிட்டுப் பார்க்க, திறந்த வெளியில் வைத்த பாத்திரத்தில் விழுந்த வெறும் மழைநீர். இடி இடித்தால் மாடிக்குப் போகாதீர்கள்.

படி 2: மூன்றிலும் நேரத்தை எழுதி ஒட்டி, அன்றே சோதியுங்கள். வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் கணக்கை மாற்றிவிடும்.

படி 3: கலங்கலாக இருந்தால் தெளியவிட்டு, மேல்நீரை எடுங்கள். இதில் ஒரு சங்கடம்: பாஸ்பேட் மண்துகளோடு ஒட்டிப் போகும் பழக்கமுள்ளது. அடியில் தங்கிய சேற்றோடு அதில் ஒரு பங்கும் போய்விடும். நைட்ரேட் நீரோடு கரைந்தே ஓடும்.

படி 4: கிட் தாளில் சொன்னபடி சொட்டுகள் விட்டு, வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். நேற்றுதான் யூரியாவோ டிஏபியோ போட்டீர்கள் என்றால் நைட்ரேட் குறைவாகக் காட்டும், ஏமாறாதீர்கள். டிஏபியின் நைட்ரஜன் அம்மோனிய வடிவில் இருக்கிறது, யூரியாவும் மண்ணில் முதலில் அதுவாகத்தான் மாறும். நைட்ரேட்டாக மாற்றுவது மண் பாக்டீரியா. அதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால்தான் அம்மோனியா கிட்டும் கேட்டேன்.

அப்புறம், முதல் பாட்டில் மட்டும் அதிகம் காட்டினால், அடுத்த மழையில் குழாய்க்கடியில் ஒரு வாளி வைத்து, அந்தத் தண்ணீரைச் செடிக்கே ஊற்றுங்கள். இரண்டாவதும் குறையவில்லையா? தொட்டியில் உரம் மிஞ்சிக் கிடக்கிறது. அடுத்த பிடி உரத்தைத் தை மாதம் வரை தள்ளிப்போடுங்கள்.