சுருக்கு வலை வளைக்க முன் மீனின் முகத்தைப் பாருங்கள்

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிடித்தால் முல்லைத்தீவுப் பக்கம் அது தரையிலிருந்து வீசும் காற்று, கடல் அடங்கிக் கிடக்கும். சூடை, கீரி, கும்பளா மீன்கள் மேல்தண்ணீரில் கூட்டமாகத் திரிந்தால் அப்போது சுகமாகக் கண்ணில் படும். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மூடுகிற சுருக்கு வலைக்குப் புதிதாகப் போகிற தம்பிமாருக்காக எழுதுகிறேன். அனுமதிப் பத்திரம் இல்லாமல் இறங்க வேண்டாம். வலைக்கண் அளவையும் எங்கே வளைக்கலாம் என்பதையும் கடற்றொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலா என்ற கடற்பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து எழும்பினால் கீழே மீன் நிற்கிறது. கிட்டப் போனால் தண்ணீர் மழைத்துளி விழுந்த மாதிரிச் சிலிர்க்கும், அந்த இடம் மட்டும் கறுத்துத் தெரியும். கண்டவுடன் வலையைத் தூக்கிப் போடாதீர்கள். எஞ்சினைத் தணித்து, கூட்டம் எந்தப் பக்கம் முகம் வைத்துப் போகிறது, நீரோட்டம் எங்கே இழுக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். நான் ஒருமுறை அவசரப்பட்டு வாலுக்குப் பின்னால் விட்டேன். வளைத்து முடிக்க உள்ளே வெறும் தண்ணீர்தான்.

வலையின் ஒரு முனையைச் சின்ன வள்ளத்தில் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் போய், வலையை விட்டபடியே வட்டமாக ஓடி அதே முனைக்கு வர வேண்டும். வட்டம் முடியும்போது வலை காற்று வரும் பக்கமாகவும் படகு அதற்கு எதிர்ப்பக்கமாகவும் இருந்தால் காற்றே படகை வலையிலிருந்து விலக்கி வைக்கும், மாறி நின்றால் படகு வலைக்கு மேலே ஏறி எல்லாம் சிக்கும். கீழே பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கிற இடத்தில் வளைக்கவே வேண்டாம், வலை கிழிந்துவிடும்.

அடுத்தது அடியை மூடுவது, இதில்தான் மூச்சு வாங்கும். வளைபட்ட மீன் பயந்தால் கீழே பாயும். வலையின் அடியிலுள்ள ஈயக் கயிற்றில் தொங்கும் வளையங்களுக்குள்ளால் சுருக்குக் கயிறு ஓடுகிறது. அதன் இரண்டு தலைப்பையும் ஒன்றாக, நிறுத்தாமல் இழுத்தால் அடி சுருங்கிப் பை மாதிரி மூடும். ஆட்கள் ஒரே தாளத்தில் இழுக்க வேண்டும், எங்கள் பெரியவர்கள் அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடி இழுத்தது சும்மா அல்ல. வளையங்கள் எல்லாம் படகோரம் வந்து சேர்ந்த பிறகுதான் மீன் உங்களுடையது.

பிறகு வலையை மெல்ல ஏற்றி, மீனை வலையின் மடிக்குள் ஒதுக்கி, அத்தாங்கு என்ற கைவலையால் அள்ளுங்கள். குஞ்சு மீன்தான் அதிகம் என்றால், அல்லது படகு தாங்காத பாரம் என்றால், மீன் உயிரோடு துள்ளும்போதே வலையின் மேல்விளிம்பிலுள்ள மிதப்புக் கயிற்றை அமிழ்த்தி வெளியே விடுங்கள். நசிந்து செத்த பிறகு விடுவதில் ஒரு பயனும் இல்லை.

அள்ளிய கையோடு ஐஸ் போடுங்கள். சூரையும் கும்பளாவும் வெயிலில் கிடந்தால் தின்பவருக்கு உடம்பெல்லாம் அரித்துக் கடிக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.